வடிகட்டிய ஆயில்

காலைப் பிடித்து இழுத்தது யார் என்று சொட்டுவுக்கு முதலில் தெரியவில்லை. மூன்று சக்கர லோடு வண்டி ஒன்றின் அடியில் மல்லாக்கப் படுத்து, பதினேழு நம்பர் ஸ்பேனரால் ஆயில் போல்ட்டை அப்போதுதான் கழற்றியிருந்தார். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திய என்ஜின். சூடான கறுப்பு எண்ணெய் ஒரு விரல் தடிமனில் தட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுவையில் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். பின்மண்டை சிமெண்ட் தரையில் மோதியது. தட்டு கவிழ்ந்து தோள் முழுக்க எண்ணெய் கொட்டி எரிந்தது. கண்ணைத் திறந்தால், வெயிலை மறைத்துக்கொண்டு நெட்டை நின்றான். கையில் அவனுடைய வண்டியிலிருந்து பிடுங்கிய, உதைத்துக் கிளப்பும் கிக்கர் கம்பி.

"என்ன நெட்டை" என்று கேட்க வாயெடுப்பதற்குள் இடது முழங்காலில் முதல் அடி விழுந்தது.

சொட்டு என்பது அவருக்கு வண்டிக்காரர்கள் வைத்த பெயர். சர்வீஸ் முடித்து அனுப்பிய வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தால் மறு சர்வீஸ் இலவசம் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய ஷெட்டுக்குச் சின்ன பைக்குகளும் மூன்று சக்கர வண்டிகளும்தான் வரும். ஆயில் மாற்றுவது, செயின் தொய்வை எடுப்பது, ஏர் ஃபில்டர் தட்டுவது, கேபிளுக்குக் கிரீஸ் விடுவது என்று நாள் ஓடிவிடும். ஷெட்டின் பின்பக்கம் அவருடைய தங்கை சீட் கவர் தைப்பாள். தங்கையின் கணவன், அதாவது அவருடைய மாப்பிள்ளை, முன்பக்க அலமாரியில் ஆயில் பாட்டிலும் உதிரிச் சாமானும் வைத்திருந்தான். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் பிழைத்தார்கள்.

நெட்டை பல வருஷ வாடிக்கை. போன மாதக் கடைசியில் வண்டியைக் கொண்டுவந்து ஆயில் மாற்றிக்கொண்டு போனான். நான்காம் நாள் காலையில் இரண்டு இரும்பு பீரோக்களை ஏற்றிக்கொண்டு பாலத்தின் சரிவில் இறங்கும்போது என்ஜின் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் இரண்டும் ஒரே நொடியில் நின்றுபோயின. வண்டி பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்தது. பாரத்தின் மேல் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த நெட்டையின் தம்பி சாலையில் விழுந்தான். அவன் மேல் பீரோ விழுந்தது. இருபத்திரண்டு வயது.

பாரம் அதிகம் என்றார்கள். வேகம் என்றார்கள். அடக்கத்துக்குச் சொட்டுவும் போயிருந்தார். கையில் கட்டோடு நின்ற நெட்டையின் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

இப்போது அதே நெட்டை அவருடைய விலாவில் கிக்கரை இறக்கினான். உள்ளே ஏதோ நொறுங்கியது. மூச்சு வெளியே போனது, திரும்பி வரவில்லை.

"நாலு நாள்ல என்ஜின் எப்படிடா பிடிக்கும்?" நெட்டை கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "நீதானே ஊத்துன? உன் கையாலதானே ஊத்துன?"

"வண்டியை நான் பாக்கலையே நெட்டை..."

"நான் பாத்துட்டேன். நேத்து பிரிச்சுப் பாத்தேன். பிஸ்டன் ஒட்டிக்கிட்டு நிக்குது. பேரிங் நீலமா வெந்து கெடக்கு. உள்ள ஆயில் இல்ல, சாக்கடை இருந்துச்சு."

இடுப்பில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தான். அதில் பாதிக்குக் கறுப்பாக எண்ணெய் இருந்தது. சொட்டுவின் மார்பில் முழங்காலை ஊன்றி, தாடையைப் பிடித்து நெரித்து வாயைத் திறக்க வைத்தான்.

"குடி. என் வண்டிக்குக் குடுத்ததை நீயும் குடி."

எண்ணெய் தொண்டைக்குள் போனது. மூக்கு வழியாகக் குமட்டி வந்தது. சொட்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நெட்டையின் கை இரும்பாக இறுகியது. முன்பல் ஒன்று பாட்டிலின் விளிம்பில் உடைந்தது. ரத்தமும் எண்ணெயும் சேர்ந்து நாக்கில் பரவியபோதுதான் அவருக்கு அந்த ருசி உறைத்தது. பிடித்துப்போன என்ஜினில் இரும்புத் தூள் இருக்கும், அது அவருக்குத் தெரியும். இது அது மட்டும் இல்லை. கருகிய கிளட்ச், மண், பெட்ரோல், பழைய கிரீஸ் எல்லாம் இருந்தன. பத்து வண்டிகளின் கழிவு ஒன்றாகக் கலந்தால் வரும் வாடை. ஷெட்டின் மூலையில் இருக்கும் வேஸ்ட் டிரம்மின் மூடியைத் திறந்தால் வருமே, அதே வாடை.

"விடு அவரை."

தங்கை பின்னால் வந்து நின்றாள். ரெக்சின் வெட்டும் பெரிய கத்தரிக்கோலின் முனை நெட்டையின் பிடரியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எறக்கு," என்றான் நெட்டை திரும்பிப் பார்க்காமல். "எனக்கு இனிமே என்ன இருக்கு."

அவள் கத்தரிக்கோலை எடுக்காமலே, "ஏங்க, இங்க வாங்க" என்று கணவனைக் கூப்பிட்டாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் அவன் அலமாரிப் பக்கம் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தான். பின்வாசலில் பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. சத்தம் சந்து முனைக்குப் போய்த் தேய்ந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். வாசற்படியில் அவனுடைய செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

"அவர் எதுக்கு ஓடுறாரு?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியில் நெட்டையின் பிடி தளர்ந்தது. சொட்டு புரண்டு படுத்து வாந்தி எடுத்தார். கறுப்பாக வந்தது. பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தரையில் இழுத்தபடி அலமாரிக்கு ஊர்ந்து போனார். சீல் உடைக்காத ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். அசல் சீல் படக்கென்று உடையும், இது சத்தம் போடாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். நல்ல ஆயில் விரலுக்கு நடுவே பட்டு மாதிரி வழுக்கும். இது தண்ணீராக ஓடியது, அடியில் நறநறவென்று உரசியது. இன்னொரு பாட்டிலைத் திறந்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதைத் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நெட்டை எண்ணெய்க் குளத்துக்கு நடுவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொன்னால் சொட்டு தப்பித்துக்கொள்ளலாம். நெட்டை நம்பவும் செய்வான்.

"தெரியாதுன்னு சொல்ல முடியாது," என்றார். பல் உடைந்த இடத்தில் காற்றுப் போனது. "முன்னெல்லாம் வேஸ்ட் டிரம் மாசத்துக்கு ஒண்ணு நெறையும். இப்ப மூணு மாசமா வேலை கூடியிருக்கு, டிரம் மட்டும் நெறையவே இல்ல. எங்க போகுதுன்னு கேக்கணும்னு நெனச்சேன். தங்கச்சி புருஷனாச்சே. கேக்கல."

நெட்டை எழுந்து வந்து அவர் முகத்தில் ஒரு குத்து விட்டான். மற்ற அடிகளெல்லாம் ஆள் மாறி விழுந்தவை, இது ஒன்றுதான் எனக்கென்று விழுந்தது என்று சொட்டுவுக்குத் தோன்றியது. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை.

"அவன் எங்க இருப்பான்?" என்றான் நெட்டை.

தங்கைதான் சொன்னாள். "தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரு ரூம் எடுத்திருக்காரு. காலி பாட்டில் போட்டு வைக்கன்னு சொன்னாரு."

"நான் போறேன்," என்று சொட்டு சுவரைப் பிடித்து எழுந்தார்.

"உன்னால நடக்கவே முடியல."

"ஸ்கூட்டர்ல வந்தியா? ஏத்திக்க."

அடித்தவன் ஓட்ட, அடிபட்டவர் பின்னால் உட்கார்ந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது. இரண்டு பேர் மேலும் எண்ணெய் வழிந்தது. டீக்கடைக்காரர் ஒருவர், இதுகள் எங்கே வழுக்கி விழுந்து வருகின்றன என்று வாய்விட்டுச் சிரித்தார். சொட்டுவின் கால்சட்டைப் பையில் பதினேழு நம்பர் ஸ்பேனர் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. தங்கையின் கல்யாணத்தன்று அவளுடைய கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கையை உடைக்க வேண்டும் என்று நினைத்தார். நினைக்க நினைக்க விலா வலி தெரியவில்லை.

அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நெட்டை தோளால் இரண்டு முறை மோதினான். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

ஜன்னல் இல்லாத அறை. நடுவில் இடுப்பளவு டிரம். அதன் வாயில் நாலாக மடித்துக் கட்டிய பழைய போர்வை. பக்கத்தில் புனல், காலி பாட்டில்கள், கட்டுக்கட்டாக லேபிள், மூடியை ஒட்டுவதற்கு ஒரு இஸ்திரிப் பெட்டி. இஸ்திரிப் பெட்டி ஸ்விட்ச் அணைக்காமல் சூடாகத்தான் இருந்தது, காலையில் வேலை நடந்திருக்கிறது. மாப்பிள்ளை லேபிள்களை ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தான். ஒரு காலில்தான் செருப்பு.

"மச்சான், சொல்றதைக் கேளுங்க. எல்லாரும் பண்றதுதான். நான் நல்லா வடிகட்டித்தான்..."

சொட்டு ஸ்பேனரால் அவனுடைய வாயிலேயே அடித்தார். உதடு பிளந்தது. அடுத்த அடியை அவன் கையால் தடுத்தான். விரல் எலும்பு உடையும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மாப்பிள்ளை அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்து, கைக்கு அகப்பட்ட இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சொட்டுவின் முன்கையில் வைத்து அழுத்தினான். தோல் சுருண்டு பெட்டியோடு ஒட்டிக்கொண்டு போனது. கருகிய நாற்றம் அறையை அடைத்தது. சொட்டு கையை இழுக்கவில்லை. அப்படியே அவன் மேல் விழுந்தார். இருவரும் எண்ணெய்த் தரையில் வழுக்கி, பாட்டில் அடுக்கைச் சரித்துக்கொண்டு புரண்டார்கள்.

நெட்டை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உதவிக்கும் போகவில்லை, தடுக்கவும் இல்லை.

சொட்டு மேலே வந்தார். மாப்பிள்ளையின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, டிரம்மின் போர்வையைக் கிழித்தெறிந்துவிட்டு, முகத்தை எண்ணெய்க்குள் அழுத்தினார். மாப்பிள்ளையின் கால்கள் தரையில் உதைத்தன. குமிழிகள் வந்தன. அவர் விடவில்லை. "அந்தப் பையன் மேல பீரோ விழுந்துச்சுடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "பீரோ விழுந்துச்சு." குமிழிகள் பெரிதாகி, பிறகு சின்னதாகின.

"போதும். விடு," என்றான் நெட்டை.

அவர் காதில் அது விழவில்லை.

"யோவ், செத்துருவான். போதும்யா."

பின்னாலிருந்து ஒரு கை அவருடைய தோளைப் பற்றி இழுத்தது. சொட்டு திரும்பிப் பார்க்காமலேயே ஸ்பேனரைச் சுழற்றி வீசினார். அது எலும்பில் பட்டது. காய்ந்த குச்சி ஒடிவது போன்ற சத்தம். நெட்டை ஏன் கத்தவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. திரும்பினார்.

தங்கை தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது தோள் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. ஷெட்டிலிருந்து மூன்று தெரு ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. அழக்கூட மூச்சு இல்லாமல் அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணா," என்றாள். "நீயுமா?"

அவர் கையிலிருந்து மாப்பிள்ளையின் தலை நழுவியது. நெட்டை ஓடிவந்து அவனை டிரம்மிலிருந்து தூக்கிக் கவிழ்த்துப் போட்டு முதுகில் குத்தினான். தம்பியைக் கொன்றவன் என்று யாரைத் தேடி வந்தானோ அவனையே மூச்சு வரும்வரை குத்திக்கொண்டிருந்தான். ஏழெட்டுக் குத்துக்குப் பிறகு மாப்பிள்ளை இருமினான். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் எண்ணெய் கொட்டியது. உயிர் இருந்தது.

அன்று மதியம் ஆஸ்பத்திரியில் நாலு பேருக்கும் கட்டுப் போட்டார்கள். சொட்டுவுக்கு மூன்று விலா எலும்பு, முழங்கால், முன்கைப் புண். தங்கைக்குக் காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. மாப்பிள்ளையின் நுரையீரலுக்குள் எண்ணெய் போயிருந்தது, மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். நெட்டைக்குத் தம்பி விழுந்த அன்று போட்ட கட்டே பிரிந்திருந்தது.

போலீஸ்காரர் எழுதிக்கொள்ள வந்தபோது, மாப்பிள்ளை திரைக்கு அந்தப் பக்கமிருந்து இருமலுக்கு நடுவே தங்கையிடம் சொன்னான்: "வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு. ஷெட்டுல ஆயில் கொட்டிக் கெடந்துச்சு, எல்லாரும் வழுக்கி விழுந்துட்டோம். குடும்ப விஷயம் வெளிய போகக்கூடாது."

அவள் அண்ணனைப் பார்த்தாள். சொட்டு தலையைக் குனிந்துகொண்டார். வழுக்கி விழுந்தேன் என்று அவள் சொன்னால் அவருக்கும் நல்லதுதான். அப்படி ஒரு ஆசை உள்ளே எழுந்ததை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"எழுதிக்குங்க சார்," என்றாள் தங்கை. "என் வீட்டுக்காரர் வேஸ்ட் ஆயிலை வடிகட்டிப் புது பாட்டில்ல அடைச்சு வித்தாரு. அதுல ஒரு பையன் செத்துட்டான். செத்தவனோட அண்ணன் வந்து எங்க அண்ணனை அடிச்சாரு. எங்க அண்ணன் என் வீட்டுக்காரரை ஆயில்ல முக்கிக் கொல்லப் பாத்தாரு. தடுக்கப் போன என் தோளை ஒடைச்சதும் அவர்தான். மூணு பேர் பேரையும் எழுதுங்க."

போலீஸ்காரர் பேனாவை நிறுத்தினார். "மூணு பேரையும் பிடிச்சுட்டா கடையை யாரும்மா பாக்குறது?"

"நான் பாத்துக்கறேன்."

"தங்கச்சி சொல்றது எல்லாம் நெஜம்," என்றார் சொட்டு. "டிரம் நெறையாததைப் பாத்தும் நான் கேக்காம இருந்தேன். அதையும் சேத்து எழுதிக்குங்க."

நெட்டை கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். அவன் முதுகு குலுங்கியது.

ஆனால் அன்றோடு முடியவில்லை. சொட்டுவின் சர்வீஸ் நோட்டில், நெட்டையின் வண்டி போக, மூன்று மாதத்தில் அறுபத்து மூன்று வண்டி எண்கள் இருந்தன. அறுபத்து மூன்று வண்டிகள் அந்த எண்ணெயோடு சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. போலீஸ் கூட்டிப்போவதற்கு முன் சொட்டு தங்கையிடம் சொன்னது அதைத்தான்.

"என்ஜினைச் சூடு பண்ணிப் பழைய ஆயிலை வடிச்சிரு. ஆனா முழுசா வடியாது, அடியில தங்கும். கொஞ்சம் நல்ல ஆயில் ஊத்தி ரெண்டு நிமிஷம் ஓடவிட்டுத் திரும்ப வடி. வலைச் சல்லடையைக் கழட்டிக் கழுவு. வாஷர் புதுசு போடு. போல்ட்டைக் கையால முழுசாத் திருகுனப்புறம் ஸ்பேனர் வை. கோணலா ஏத்திட்டா மரை போயிடும்."

"ஒரு கையாலயா?" என்றாள் அவள்.

ஒரு கையால்தான் செய்தாள். கட்டுப் போட்ட தோளோடு வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பேனரின் மறுமுனையைக் காலால் உதைத்துத் திருப்பினாள். முதல் வாரம் வண்டிகளை வரவழைப்பதே பெரும்பாடாக இருந்தது. லோடு வண்டி நிறுத்தத்தில் அவள் போய் விஷயத்தைச் சொன்னபோது ஒருவன் அவள் முகத்தில் காறித் துப்பினான். இன்னொருவன் கல்லெடுத்து எறிந்து ஷெட்டின் பெயர்ப் பலகையை உடைத்தான். கைதான மூன்றாம் நாள் நெட்டைக்கு ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்தவன் நேராக அந்த நிறுத்தத்துக்குப் போனான்.

"செத்தது என் தம்பி," என்றான். "நானே சொல்றேன், வண்டியைக் கொண்டு போங்க. இன்னொரு வீட்ல எழவு விழணுமா?"

அன்று மட்டும் பதினொரு வண்டிகள் வந்தன. ஷெட்டுக்குள் நெட்டை வரவில்லை. எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று, வரிசையில் எந்த வண்டியும் விலகிப் போகாமல் பார்த்துக்கொண்டான். ஒரு மாதத்தில் ஐம்பத்தெட்டு வண்டிகள் வடித்துக் கழுவப்பட்டன. ஐந்து வண்டிகள் கிடைக்கவேயில்லை. விற்றுக் கைமாறிப் போயிருக்கலாம். அதில் ஒன்று எங்கோ என்ஜின் பிடித்து நின்றதாகவும், ஓட்டியவன் காலில் சிராய்ப்போடு தப்பியதாகவும் பின்னால் ஒரு செய்தி வந்தது. அதைக் கேட்ட அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

வழக்கு நடந்தது. மாப்பிள்ளைக்கு ஏழு வருஷம். நுரையீரல் பாழாகிவிட்டதால் சிறை ஆஸ்பத்திரியிலேயே பாதி நாள் கிடந்தான். தங்கை இரண்டு முறை போய்ப் பார்த்தாள். மூன்றாம் முறை போகவில்லை. சொட்டுவுக்குப் பதினான்கு மாதம். நெட்டைக்கு, கோர்ட்டில் தானாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்காக, உள்ளே இருந்த நாட்களே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

சிறையிலிருந்து வந்த சொட்டு ஷெட்டு வாசலில் வெகுநேரம் நின்றார். உள்ளே தங்கை ஒரு பைக்கின் செயினைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். தையல் மெஷினைக் காணவில்லை. இடது கை தோளுக்கு மேலே எழவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. சொல்ல வேண்டியதைப் பதினான்கு மாதமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தார்.

"பாப்பா, அன்னைக்கு நான்..."

"மேல் தட்டுல கிரீஸ் டப்பா இருக்கு," என்றாள் அவள் நிமிராமல். "எனக்கு எட்டல. எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அண்ணா என்று கூப்பிடவில்லை. வெளியே போ என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வரை அவர் அவளுக்கு எட்டாததையெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நெட்டை புதிதாக ஒரு வண்டி வாங்கி ஓட்டுகிறான். அந்தத் தெரு வழியாகத் தினமும் போகிறான். சர்வீஸுக்கு இரண்டு மைல் தள்ளி வேறொருவரிடம் விடுகிறான், அங்கும் பாட்டிலைத் தானே திறந்து, விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றவிடுகிறான். ஷெட்டைக் கடக்கும்போது வேகத்தைக் குறைப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை. சொட்டு எந்த வேலையில் இருந்தாலும் அந்த வண்டியின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். என்ஜின் சீராக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வார்.